சந்திரனின் பின்பக்கத்துப் பருக்கள்

1. பாடசாலைக் கண்காட்சிக்காக விண்வெளிப் படங்கள் மூன்றைப் பெரிதாக அச்சிடக் கொடுத்தேன்: சூரியன், சந்திரனின் பின்பக்கம், பால்வீதியின் நடுப்பகுதி.
2. கொடுத்த இடம் துறைமுகத்துக்குப் போகும் வீதியிலுள்ள கலியாணப்பட ஸ்டூடியோ.
3. சந்திரன் பள்ளங்கள் இல்லாமல் வந்தது.
4. பச்சைச் சூரியன் மஞ்சளாக வந்தது.
5. பால்வீதியில் பாதி நட்சத்திரங்களைக் காணவில்லை.

நான் அந்தப் பாடசாலையில் தற்காலிக விஞ்ஞான ஆசிரியை. கண்காட்சி சரியாக நடக்காவிட்டால் எங்கள் வானியல் அறை உடைந்த கதிரை மேசைகள் போட்டுவைக்கும் இடமாகிவிடும் என்று அதிபர் சொல்லியிருந்தார்.

ஸ்டூடியோக்காரரிடம் விசாரித்தேன்.

"தங்கச்சி, முகம் முழுக்கப் பரு. கலியாணப் பொம்பிளைப் படத்துக்குச் செய்யிற மாதிரித்தான் வடிவாத் துடைச்சுவிட்டனான்."

"அது சந்திரன், அண்ணா."

"ஓம், தெரியும். அதுக்காக அப்பிடியே விட ஏலுமே?"

கூடுதல் வேலைக்கு அவர் காசு வாங்கவில்லை. சூரியனைக் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரில் எடுத்து, பிறகு பச்சை நிறம் கொடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். அப்படியென்றால் தானும் ஒரு நிறம் கொடுத்ததில் என்ன பிழை என்று கேட்டார். நான் அடுத்த படத்துக்குப் போனேன். பால்வீதிப் படம் அகச்சிவப்புக் கதிரில் எடுத்தது. தொலைநோக்கி தூசியை ஊடுருவி நட்சத்திரங்களைக் காட்டியிருந்தது. அவர் நட்சத்திரங்களைத் தூசி என்று எடுத்துவிட்டார்.

அவரிடம் பெரிய தாள் முடிந்திருந்தது. கொழும்பிலிருந்து புதிய தாள் வரும்போது கண்காட்சி முடிந்திருக்கும். ஆகவே மூலப் படங்களை பாடசாலை அலுவலக அச்சு இயந்திரத்தில் கறுப்பு வெள்ளையில் சின்னதாக எடுத்து, பெரிய படங்களின் பக்கத்தில் ஒட்டினேன். எவை காணாமல் போயின என்று பார்ப்பவர்களிடம் கேட்கும்படி மாணவிகளிடம் சொன்னேன்.

அறையைப் பற்றித் தீர்மானிக்க வந்த கல்வி அதிகாரி சந்திரனுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். இங்கிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் ஒருநாளும் தெரியாது, விண்கலம் சுற்றிப் போனதால்தான் இவ்வளவு பள்ளங்கள் இருப்பது தெரிந்தது என்று ஒரு மாணவி சொன்னாள். மழமழப்பான சந்திரன் எப்படி வந்தது என்று அவர் கேட்டார். அவள் ஸ்டூடியோவின் பெயரைச் சொன்னாள்.

"எங்கட மகளின்ர கலியாண அல்பமும் அவர்தான் செய்தவர்," என்றார். "அதுக்குள்ள நாங்கள் எங்கட பிள்ளையைத் தேடினனாங்கள்."

பிறகு பால்வீதிப் படத்திலும் வித்தியாசங்களைத் தானே தேடத் தொடங்கினார். அதிபர் கொண்டுவந்த தேநீர் ஆறிப்போனது.

இந்த வருட முடிவு வரை அறை எங்களுக்கு என்று கடிதம் வந்திருக்கிறது. அடுத்த வருடத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.