முதுகு வலிக்காரர்களின் ஹெலன் மேடம்

பெங்களூருவில் நான் ஆபீஸ் போகும் கம்பெனி கேப் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியபோது ரோஸ்லின் போன் செய்தார். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஹெலன் மேடத்தின் பிசியோதெரபி கிளினிக்கில் நேரம் குறித்துக் கொடுப்பவர் அவர். "முதுகு வலி முரளி சார்தானே?" என்று கேட்டவர், அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். மேடம் காலையில் இறந்துவிட்டார். பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்கிறாராம். அங்கே வரும் நோயாளிகளான எங்களுக்கு வாட்ஸ்அப் குழு கிடையாது, ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. நோய் என்ற கட்டத்தில் ஆண்கள் எல்லோரும் முதுகு வலி என்றுதான் எழுதியிருக்கிறோம்.

அந்த முன்னறையில் நின்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நின்றவர்கள் என்று சும்மா சொல்லவில்லை. உட்கார முடியாதவர்கள் வரும் இடம் என்பதால், மேடம் நெஞ்சுயரத்துக்கு ஒரு மேசை செய்து அதில் செய்தித்தாள்களை விரித்து வைத்திருப்பார். ஐந்தாறு பேர் தலையைத் தூக்காமல் நின்றபடி படிப்போம். பங்குச் சந்தையில் ஒரு பைசா போடாத நான் அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படித்திருக்கிறேன்.

எனக்கு வலித்தது முதுகு அல்ல. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலித்தது. உட்கார்ந்தால் எரியும், சிறுநீர் போனால் எரியும், மனைவியோடு இருந்தால் மறுநாள் முழுக்க எரியும். புராஸ்டேட் சுரப்பி வீக்கம் என்று டாக்டர்கள் சொல்ல, மாத்திரை மாற்றி மாத்திரை தின்றேன். சோதனைகளில் ஒன்றுமே இல்லை. இரண்டு வருடம் இதை என் மனைவி வனிதாவிடம் சொல்லாமல், ஆபீஸ் போன் கால் இருக்கிறது என்று ஹாலில் படுத்தேன். முதலில் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். வலியைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தசைப்பிடிப்பாக இருக்கலாம் என்று ஒரு சிறுநீரக மருத்துவர் அனுப்பித்தான் மேடத்திடம் போனேன். பெண் என்று தெரிந்ததும் திரும்பிவிடப் பார்த்தேன். ரோஸ்லின் அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

"எங்க வலிக்குது?"

"இடுப்புல மேடம்."

"இடுப்புல எங்க?"

"கொஞ்சம் கீழ."

மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் இடுப்பெலும்பை என் பக்கம் நகர்த்தி, ஒரு பென்சிலையும் கொடுத்தார். "தொட்டுக் காட்டுங்க. வாயாலயும் சொல்லுங்க. நான் மூணு தம்பிங்களோட வளர்ந்தவ, என் காது ஒண்ணும் கெட்டுப்போகாது." நான் விழித்துக்கொண்டு நின்றேன். "பேர் சொல்லிக் கூப்பிடாம யார்ப்பா திரும்பிப் பார்ப்பாங்க?" என்றார். சொன்னேன். முப்பத்தெட்டு வயதில் அந்தச் சொற்களை இன்னொரு மனிதர் முன்னால் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அடுத்து என் சாமர்த்தியத்தையும் சொன்னேன். யூடியூபில் பார்த்து, அடிப்பகுதித் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சியை கேபில் போகும்போதெல்லாம் செய்துகொண்டிருந்தேன். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை. போனில் நினைவூட்டல்கூட வைத்திருந்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "ஐயோ ராஜா! இடுப்புக்கு அடியில தூளி மாதிரி ஒரு தசை இருக்கு. அது ஏற்கெனவே முறுக்கிக்கிட்டு நிக்குது. நீங்க அதுக்கு தினமும் இன்னும் ரெண்டு முறுக்கு ஏத்திட்டு வந்திருக்கீங்க. உங்களுக்கு இறுக்க வேண்டியது ஒண்ணும் இல்ல, விடத்தான் கத்துக்கணும்." இரண்டு வருடத்துக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

சிகிச்சை எப்படி என்று கேட்பவர்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். வயிறு எழும்பும்படி மூச்சை இழுத்து விடுவது, குத்தவைத்து உட்காருவது, தொடைகளைத் தளர்த்துவது. சில நாட்கள், கையுறை அணிந்த விரலால் ஆசனவாய் வழியாக உள்ளிருந்தே தசை முடிச்சை மெல்ல அழுத்தி விடுவது. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே விளக்குவார், சம்மதம் கேட்பார். "நிறுத்துன்னா அந்த நிமிஷமே நிறுத்திடுவேன்" என்பார். ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். நிறுத்திவிட்டார். பிறகு அந்தச் சொல் எனக்குத் தேவைப்படவில்லை.

மூன்றாவது வாரம், "அடுத்த வாட்டி வீட்டம்மாவோட வாங்க, இல்லைன்னா வராதீங்க" என்றார். வனிதா மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "காபி போட்டுட்டு வர்றேன், அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க" என்று மேடம் எழுந்து போய்விட்டார். சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டு. வனிதா கைப்பையைக் கீழே வைத்தாள். "இதுக்காங்க ஹால்ல படுத்தீங்க? நான் வக்கீல் வரைக்கும் யோசிச்சுட்டேன்" என்று சொல்லி அழுதாள். மேடம் கொண்டுவந்த காபி ஆறிப்போயிருந்தது. வெகுநேரம் கதவுக்கு வெளியேதான் நின்றிருக்க வேண்டும்.

மந்திரம் எதுவும் நடக்கவில்லை. எட்டு மாதம் ஆனது. போன வலி சில வாரம் திரும்பி வந்து உயிரை எடுக்கும். "வந்தா வரட்டும், அதை அனுப்புற வழி இப்ப உங்களுக்குத் தெரியும்" என்பார். மைத்துனன் கல்யாணத்தில் பாயசம் வரை பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை அவருக்குப் போனில் சொன்னபோது, முழு மெனுவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன வருடம் ஒருநாள் அவரே முன்னறைக்கு வந்து எங்கள் மேசைப் பக்கம் நின்றார். "எனக்குக் கருப்பை வாயில கேன்சர். லேட்டாத்தான் தெரிஞ்சுது. நான் வராத நாள்ல யார்கிட்ட போகணும்னு ரோஸ்லின் சொல்வாங்க. யாராவது கேட்டா, உடம்பு சரியில்லைன்னு மழுப்பாதீங்க." முதல்முறையாக எல்லோரும் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினோம்.

சர்ச் ஹாலில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு வனிதாவும் வந்தாள். கூட்டத்தை நடத்தியவர், மேடம் சில காலம் உடல்நலம் குன்றியிருந்ததாகச் சொன்னார். பேசிய நான்கு ஆண்களும் மேடம் தங்கள் முதுகு வலியைத் தீர்த்ததாகச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. எழுந்து போய், எனக்கு எங்கே வலித்தது என்பதையும், மேடத்துக்கு எங்கே நோய் வந்தது என்பதையும் அவற்றின் பெயரைச் சொல்லியே பேசினேன். முன்வரிசையில் இரண்டு பாட்டிமார் இருமினார்கள். மேடத்தின் தம்பிகளில் ஒருவர் மட்டும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் வனிதா சொன்னாள். "எனக்கும் ஒண்ணு இருக்குங்க. பாப்பா பொறந்ததுல இருந்து, சிரிச்சாலோ தும்மினாலோ யூரின் கசியுது. ஆறு வருஷமா துணி வச்சுக்கிட்டுதான் வெளிய போறேன்."

"மேடம் எதிர்லயே உட்கார்ந்திருந்தியே, சொல்லியிருக்கலாமே?"

"உங்க வலிக்கு நடுவுல என்னுதை எப்படிங்க சொல்றது?"

அவள் ஏன் வாய்விட்டுச் சிரிப்பதில்லை என்று இந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. என் வலியைச் சொல்லக் கற்றுக்கொண்டதோடு வேலை முடிந்தது என்றிருந்துவிட்டேன். மேடம் எப்போதும் தன் நாற்காலியை நோயாளிக்கு அருகில் இழுத்துப் போட்டு, கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருப்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பொறுமையைத்தான். ஆட்டோவை அல்சூர் ஏரிப் பக்கம் ஓரங்கட்டச் சொன்னேன். வனிதாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "எப்ப ஆரம்பிச்சுது, முதல்ல இருந்து சொல்லு" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டேன்.