வலை கட்டிய சைக்கிள்

எங்கள் ஊரில் முதன்முதலாகச் சைக்கிள் வாங்கியவர் என் அப்பா. முதன்முதலாகச் சைக்கிள் ஓடியவரும் அவர்தான் என்று குருக்கள்மடத்தில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலாவது உண்மை. இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

மட்டக்களப்புப் பட்டினத்தில் இருந்த ஒரு பறங்கிக் குடும்பம் கொழும்புக்குக் குடிபெயர்ந்தபோது விற்றுவிட்டுப் போன சைக்கிள் அது. கறுப்பு நிறம். மற்றச் சைக்கிள்களில் இருக்கும் குறுக்குக் கம்பி அதில் இல்லை. பின்சில்லின் இரண்டு பக்கமும் நூல்வலை கட்டியிருந்தது. சீமாட்டிகளின் பாவாடை சில்லில் சிக்காமல் இருக்கக் கட்டும் வலை அது என்பதை நான் வளர்ந்து வேறூருக்குப் படிக்கப் போன பிறகுதான் அறிந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அது யாருக்குத் தெரியும்? வலை என்றால் மீன் பிடிக்க என்று அறிந்த சனங்கள். வேட்டி சிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு என்று அப்பா விளக்கம் கொடுத்தார், எல்லோரும் தலையாட்டினார்கள்.

வாங்கினாரே ஒழிய அப்பாவுக்கு ஓடத் தெரியாது. போடியார் என்று நாலுபேர் மதிக்கிற வயற்காரர், யாரிடம் போய் எனக்குப் பழக்கிவிடு என்று கேட்பது? அதனால் தள்ளிக்கொண்டு போவார். கோயிலுக்கும் கடைக்கும் அதன் பக்கத்தில் நடந்தபடியே போவார், திருப்பம் வந்தால் மணியும் அடிப்பார். "ஏறிப் போகல்லியா போடியார்?" என்று யாராவது கேட்டால், "றோட்டு வெயில்ல கொதிக்குது, டயர் பழுதாப் போகும்" என்பார். மழைக்காலத்துக்கு வேறொரு காரணம் வைத்திருந்தார். ஊருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே சிரித்ததில்லை.

எங்கள் வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையை அடுத்த வட்டை என்ற வயல்வெளியில் இருந்தது. வெள்ளாமை விளைந்துவிட்டால் எங்கள் எழுவான்கரை ஆண்கள் தோணி ஏறி அக்கரைக்குப் போய், வெட்டி, மாடு விட்டுச் சூடு மிதித்து நெல்லை மூட்டை கட்டும்வரை வாடிக் குடிசை போட்டு அங்கேயே கிடப்பார்கள். மாசி மாதத்தில் எங்கள் ஊர் முழுக்கப் பெண்களின் ஊர். காலையில் பனி விலகும்போது அக்கரையிலிருந்து களத்துப் பாட்டு மெல்லிசாகத் தண்ணீருக்கு மேலால் வரும். அது அப்பாவின் குரலா என்று நான் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். சைக்கிள் வயலுக்கு உதவாது என்று வீட்டு மண்டபத்திலேயே சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து சேரவேண்டும். ஆகவே அம்மாவும் அவருடைய அக்கா தங்கையும் அடுத்தடுத்த வளவுகளில் இருந்தார்கள். நடுவேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அந்த ஓட்டை வழியாக ஒரு பின்னேரம் சின்னம்மா வந்து சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகாதவர், துடுக்கு.

"அக்கா, இத ஒருக்கா ஆத்தங்கரைக்குக் கொண்டு போவமா?"

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது. அம்மா மறுப்பார் என்று நினைத்தேன். அம்மாவோ முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டார். அந்தச் சொருகலிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது, இது நாள்கணக்காக மனதில் கிடந்த ஆசை என்று.

மாசியில் வாவி கொஞ்சம் பின்வாங்கிப் போய் ஈரமண் கெட்டியாகப் படிந்திருக்கும். கரையோரச் சேற்றில் வளரும் கண்ணாப் பற்றைகள் மறைப்புக்கு. அங்கேதான் பள்ளிக்கூடம் தொடங்கியது. பெரியம்மா தலைமை. அவர் கடைசிவரை ஒருதரம்கூடச் சைக்கிளில் ஏறவில்லை. அதனாலேயோ என்னவோ, அதிகம் புத்தி சொன்னவரும் அவர்தான். எங்கள் பெண்கள் தங்களுக்குள் கூப்பிடும் ‘கா’ ஒவ்வொரு புத்தியோடும் ஒட்டிக்கொண்டு வரும்.

"வெறுந்தோணி ஆடத்தான் செய்யும். பின்னால பாரம் வையுங்க கா, அப்பதான் நிக்கும்."

வாவிக்கரையில் பிறந்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள். பாரமில்லாத தோணி கவிழும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அரை மூட்டை நெல்லைக் கரியரில் கட்டினார்கள். சைக்கிள் விழுந்து நெல் மண்ணோடு கலந்தது, இருந்து பொறுக்கினோம். அடுத்த நாள் நெல்லுக்குப் பதில் என்னை ஏற்றினார்கள். நெல் சிந்தினால் பொறுக்கவேண்டும், புள்ளை சிந்தினால் தானே எழுந்து வரும் என்பது பெரியம்மாவின் கணக்கு. நானும் பல முறை சிந்தினேன், எழுந்து வந்தேன்.

இரண்டாவது பாடமும் தோணியிலிருந்து வந்ததுதான். தோணி வலப்பக்கம் சரிந்தால் ஆள் இடப்பக்கம் சாயவேண்டும். இருவரும் அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்தார்கள். சைக்கிள் ஒரு பக்கம் சரியும், அம்மா மறுபக்கம் வளைவார், ஹாண்டிலையும் அந்தப் பக்கமே இழுப்பார், மூன்றாம் நொடி எல்லோரும் நிலத்தில். கரையில் நின்ற பெரியம்மா உடனே சொல்வார்:

"விழல்ல கா, இறங்கியிருக்காய். எழும்பு."

இந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

பொழுது பட்டதும் மூவரும் எங்கள் முற்றத்தில் பாய் விரித்து, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி அன்றைய முன்னேற்றத்தைப் பேசுவார்கள்.

"இண்டைக்கு நான் அந்தப் பட்ட கண்ணா மட்டும் போனன்," என்பார் சின்னம்மா.

"போனதென்னவோ மெய்தான் கா. நேராப் போகல்ல, நண்டு போன மாதிரி."

"மிதிக்கக்குள்ள காலப் பார்க்காத. தண்ணிக்குடத்த இடுப்பில வெச்சிக் குடத்தையா பார்க்கிறாய்? பாதையத்தானே?" என்பார் பெரியம்மா.

சிரிப்பார்கள். ஆண்கள் இருக்கும் நாட்களில் அந்த முற்றத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. நான் அம்மாவின் மடியில் தலை வைத்து, நட்சத்திரங்கள் ஒரு பக்கம் சரிவதாகவும் பெரியம்மா அவற்றை மறுபக்கம் சாயச் சொல்வதாகவும் அரைத்தூக்கத்தில் கண்டுகொண்டிருப்பேன்.

பிறகு ஒரு நாள் அம்மா களைத்துப் போனார். இனி என்னவும் ஆகட்டும் என்று விட்டுவிட்டாராம். சைக்கிள் இடப்பக்கம் சரிந்தது, எதிர்த்து வளையாமல் அதே பக்கம் ஹாண்டிலைத் திருப்பினார். சைக்கிள் ஒரு கணம் யோசித்தது, நிமிர்ந்தது, போனது. பின்னால் இருந்த எனக்கு முகத்தில் காற்றுப் பட்டது. கண்ணாப் பற்றைகள் பின்னால் போயின, கொக்குகள் எழும்பின, சின்னம்மா கூவிக்கொண்டு ஓடி வந்தது எங்கோ தூரத்தில் கேட்டது.

"அது சாயுற பக்கமே நானும் கிறுகினன் கா," அம்மா மூச்சு வாங்கச் சொன்னார். "எதிர்த்து நிண்டாத்தான் விழுத்துது. கூடப் போனா நிமிர்ந்திடுது."

"ஆம்புளையளும் அப்பிடித்தான் கா," என்றார் பெரியம்மா.

சின்னம்மாவுக்கு அதற்குள் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்து, பெரியம்மா அவரைச் சைக்கிளுக்குக் கிட்டவும் விடவில்லை. அவர் கரையில் இருந்து பொறாமைப்பட்டார். அம்மாவுக்கு இப்போது ஒரே ஒரு ஆசை மிஞ்சியிருந்தது. அப்பா திரும்பி வருவதற்கு முன், ஒருதரமாவது, ஊருக்கு நடுவால் போகும் கல்முனை றோட்டில் ஓடிப் பார்க்கவேண்டும்.

அந்த விடியற்காலையை நான் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். நினைத்து நினைத்து அதில் எது நடந்தது, எது நான் கூட்டியது என்று இப்போது சொல்ல முடியவில்லை. பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. சில்லு தெரியவில்லை. நாங்கள் தண்ணீருக்கு மேலால் போவதாகவே நான் நம்பினேன். ஒரு பக்கம் கடலின் இரைச்சல், மறுபக்கம் வாவியின் அமைதி, நடுவில் அம்மாவின் முதுகு. அம்மாவின் சேலையில் அவித்த நெல்லின் வாசம் அடித்தது. தென்னைகள் ஒவ்வொன்றாக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின.  அம்மா மெல்லப் பாடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், அல்லது அது சங்கிலியின் சத்தமாக இருக்கலாம்.

அடுத்த ஊரின் ஆலமரத்தடியில், காத்தான்குடியிலிருந்து வரும் துணிக்காரக் காக்கா தன் மாட்டு வண்டிலுடன் எதிர்ப்பட்டார். சேலை விற்க எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர், அம்மாவை நன்றாகத் தெரியும். முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் நாங்கள் கூப்பிடுவது. அம்மாவின் முதுகு விறைத்தது. காக்கா கண்ணைக் கசக்கிவிட்டு வண்டிலை ஓரங்கட்டினார்.

"பையப் போ புள்ள, பாலத்தடியில பள்ளமிருக்கு," என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானம் தோணிகள் வந்துவிட்டன. நெல்மூட்டைகளுக்கு மேல் அப்பா கறுத்து மெலிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைக் கண்ட சந்தோஷம். அம்மாவுக்கும்தான். ஆனால் சைக்கிள் துடைத்து மண்டபத்தில் சாத்தப்பட்டது, முந்தானை இறங்கிவிட்டது. நான் தனிமையில் நச்சரித்தேன். இனி எப்போது போவோம்?

"போடியார் தள்ளிக்கொண்டு போற சைக்கிள்ல பொஞ்சாதி ஏறி ஓடினா, ஊர் அப்பாவப் பார்த்துச் சிரிக்கும் புள்ள," என்றார் அம்மா. "வாயத் திறந்தாய், நாக்க அறுத்திடுவன்."

எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. இரவு சோறு போடும்போது, குழம்பை ஊற்றியபடி, யாரோ சொன்னதைச் சொல்வதுபோல் அம்மா தொடங்கினார்.

"சைக்கிள் ஓடுறவங்க சில்லப் பார்க்கிறல்லையாம். தூரத்தப் பார்த்தா விழாதாம். துணிக்காரக் காக்கா சொன்னாரு."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவும்போது கேட்டார்: "சாயுற நேரம் என்ன செய்யிறதாம்? அத அவர் சொல்லல்லியா?"

"கேட்டுச் சொல்றன்."

மறுநாள் இரவு பதில் தயாராக இருந்தது. சாய்கிற பக்கமே கிறுகச் சொன்னாராம். எனக்குப் பெரிய குழப்பம். துணிக்காரக் காக்கா அன்று எங்கள் பக்கம் வரவேயில்லை. அதோடு மாட்டு வண்டில் ஓட்டும் மனிதருக்குச் சைக்கிள் வித்தை எப்படித் தெரியும்? இதை நான் கேட்க வாயெடுக்க, அம்மா பாயோரத்தில் என் காலைக் கிள்ளினார். அப்பாவுக்கு இது தோன்றவேயில்லையே என்று எனக்கு ஆச்சரியம். அவர் நாள்தோறும் ஒரு கேள்வியைச் சோற்றோடு சேர்த்துக் கொடுத்தார். ஏறும்போது எந்தக் கால்? மணலில் எப்படி? "காக்காவிட்ட கேட்டுப் பாரு." அம்மாவும் நாள்தோறும் கேட்டுச் சொன்னார். விடியுமுன் அப்பா தனியே ஆற்றங்கரைக்குப் போய், முழங்கையில் மண்ணோடு வருவார். அம்மா அதைக் காணாதவர்போல் எண்ணெய்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

சித்திரை வருசம் பிறந்த அன்று அப்பா புது வேட்டியோடு, மணி அடித்துக்கொண்டு, கோயில் வரைக்கும் ஓடினார். சற்று நண்டு நடைதான். என்றாலும் ஊரே திரண்டு நின்று பார்த்தது. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அம்மாவின் முகத்தில் அப்படியொரு பெருமை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. அன்றிலிருந்து அப்பா சைக்கிளிலேயே திரிந்தார், அம்மா அதைத் துடைப்பதோடு சரி.

புரட்டாதியில் முதல் மழை விழுந்து, ஆண்கள் மறுபடியும் விதைப்புக்குப் படுவான்கரைக்குப் புறப்பட்டார்கள். தோணி காத்திருந்தது. அப்பா மண்டபத்தில் குந்தி சைக்கிளின் டயருக்குக் காற்றடித்தார். பிறகு ஸ்பானரை எடுத்துச் சீட்டின் ஆணியைத் தளர்த்திக் கீழே இறக்கினார். அடுப்படியில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் இறக்கி முறுக்கினார்.

"அப்பா, இது உங்களுக்குக் காணாதே. முழங்கால் இடிக்கும்."

"நான் வந்து உயர்த்தலாம் மனே," என்று தலையைத் தடவிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இவ்வளவு படித்தும் சைக்கிளைப் பற்றி இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று எனக்குக் கோபம். அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அப்பா செய்து வைத்த கூத்தைக் காட்டினேன். அம்மா சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

சைக்கிள் பழுதாகிப் போன கவலை என்றே நான் எண்ணினேன். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, அழவேண்டாம், அப்பா வந்ததும் நானே சொல்லிச் சரியாக்கித் தருகிறேன் என்று தேற்றினேன்.