தம்பிக்குத் தனியாக எடுத்து வைத்த சோறு

தம்பி பிரிக்பீல்ட்ஸில் ஒரு சபையில் ஞானஸ்நானம் எடுத்தபோது அம்மா உயிரோடு இருந்தார். முதலில் அழுதார், பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். படையலுக்குச் சமைத்ததும், படைப்பதற்கு முன்பே அவனுக்கென்று ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிடுவார். படைத்ததை அவன் தொடமாட்டான், படைக்காததைச் சாப்பிடுவான். அந்த டப்பாவை அம்மா வேறு எதற்கும் எடுத்ததில்லை.

அம்மாவின் முதல் வருஷத் திதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. பண்டமாரான் வீட்டில் இப்போது நான் மட்டும்தான். "வரேன்க்கா, ஆனா கும்பிட மாட்டேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டான். சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும் என்றேன். அம்மா போன பிறகும் அவன் இந்த வீட்டில் கை நனைத்தால், எனக்கென்று ஒருவன் இருக்கிறான் என்று நம்பிக்கொள்ளலாம்.

இறால் சம்பாலும் கோழிக் குழம்பும் வைத்தேன். அவனுடைய டப்பாவில் மறக்காமல் சோற்றை நிரப்பி, அடுப்பு மேடையில் ஓரமாக வைத்தேன். சபையில் ஆராதனை முடிந்து நேராக வந்தவன், நான் சூடம் காட்டி முடிக்கும்வரை வாசலில் நின்றான்.

எங்கள் வீட்டில் இலையில் படைத்ததில் கொஞ்சம் எடுத்து எல்லாப் பாத்திரத்திலும் கலந்தால்தான் படையல் முடியும். கலந்தேன். பழகிய கை, மேடையில் இருந்த எதையும் விடவில்லை.

"அந்த டப்பாவுலயும் போட்டுட்டியேக்கா."

வெள்ளைச் சோற்றின் மேல் சம்பாலின் சிவப்பு. இரு, வேறு சோறு வடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றான். அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அம்மாவுக்கு வச்ச சோறுதான்டா. ஒரு வாய் சாப்பிடு."

"அம்மா இங்க இல்லக்கா." குரல் தணிந்தே இருந்தது. "இனிமே திதிக்குக் கூப்பிடாத. வேற நாள் சொல்லு, வரேன் லா."

வேறு எந்த நாளைச் சொல்வது? அவனும் நானும் சேர்ந்து உட்கார எங்களுக்கு அம்மாவைத் தவிர வேறு காரணம் இருந்ததில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டான்.

நான் இருக்கும்வரை அம்மாவுக்கு இலை விழும். அதன்பிறகு அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அவனுடைய சோற்றை நானே சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவித் துடைத்து மற்ற டப்பாக்களோடு அடுக்கினேன்.