உம்மாவின் இடது குதிக்கால்

மஃரிப் தொழுகையின் கடைசி இருப்பில்தான் அந்த யோசனை வந்தது. தொழும்போது மனம் அலையக்கூடாதுதான். ஆனால் என் வலது காலின் விரல்கள் முசல்லாவில், தொழுகைப் பாயில், மடிந்து ஊன்றியிருந்தன. பாதம் நிமிர்ந்து நின்றது. அதன் அடியில் குதியிலிருந்து விரல்வரை ஒரு இழுப்பு. இடது பாதமோ எந்தக் கவலையும் இல்லாமல் சரிந்து கிடந்தது. பக்கத்தில் உம்மா பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தொழுதுகொண்டிருந்தார். மாதக்கணக்காகக் குதிக்கால் நோவு. எந்தக் குதி? இடது!

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் திரும்பினேன்.

"உம்மா, ஒங்களுக்கு ஏன் இடது குதி மட்டும் நோவுதெண்டு தெரியுமா?"

"முதல்ல துஆவக் கேளு புள்ள. தொழுகையிலயும் என்ட கால்தானா ஒனக்கு?"

என்ன செய்வது, வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கால்தான் பேச்சு. உம்ராவுக்குப் போக நாள் குறித்தாகிவிட்டது. உம்மா, வாப்பா, கூடவே உம்மாவின் தங்கையான சாச்சியின் குடும்பம். மக்காவில் ஸபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் இடையில் போய்ப் போய் வரவேண்டும். தெரு நடை மாதிரி இல்லை, நீண்ட நடை, பளிங்குத் தரை. சாச்சி அதற்கும் வழி வைத்திருந்தார்.

"வீல்செயார்ல ஏறுங்க ராத்தா. நான் தள்ளிறன். மந்திரி மாதிரி ரெண்டு பக்கமும் கையக் காட்டிட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தோம். உம்மா சிரிக்கவில்லை. "ஹாஜர் உம்மா புள்ளைக்குத் தண்ணி தேடி ஓடின இடம். அதுல நான் குந்தியிருந்து போறதா?" என்றார். பிறகு யாரும் வீல்செயார் கதையை எடுக்கவில்லை.

வைத்தியம் செய்யாமல் இல்லை. செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலையை அதன்மேல் வைத்து, குதியால் மிதித்தார். மிதித்த நேரம் சுகம், மறுநாள் பழையபடி. எக்ஸ்ரே எடுத்தபோது குதி எலும்பில் சின்னதாக ஒரு முள் தெரிந்தது. அவ்வளவுதான், ஊர் முழுக்க முள் கதை. "மீன் முள்ளெண்டா சோத்த உருட்டி விழுங்கலாம். குதி முள்ளுக்கு என்னத்த விழுங்கிற?" என்று சாச்சி கேட்டார். நோவு கூடக்கூட உம்மா தரையில் இருந்து தொழுவதை விட்டுக் கதிரைக்குப் போனார். பார்த்தவர்கள் எல்லாரும் அதுதான் நல்லது என்றார்கள். நானும்தான்.

இப்போது என் புதுக் கொள்கை வேறு சொன்னது. தொழுகையில் வலது பாதம் ஒவ்வொரு நாளும் நீட்டி இழுபடுகிறது, இடது பாதத்துக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆகவே இடது குதி நோகிறது! பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவளுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் விடுவாளா? அடுத்த நாளே எங்கள் ஒழுங்கையில் விசாரணை தொடங்கினேன். முன்வீட்டு மாமிக்கு இடது. தையல்காரிக்கும் இடது. மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்தவர் தன் வலது குதியைத் தடவிக்கொண்டே வந்தார். "ஏன்கா முகம் வாடிட்டு? எனக்கு நோவுறது ஒனக்குப் புடிக்கலயா?" என்று கேட்டார்.

வாடிய கொள்கையோடு உம்மாவை பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் கூட்டிப்போனேன். என்னைவிடச் சில வயதுதான் கூட இருப்பார். காலைத் தொடுமுன் கேட்ட முதல் கேள்வியிலேயே உம்மாவைப் பிடித்துவிட்டார்.

"காலம எழும்பி வைக்கிற முதல் அடிதானே அம்மா உயிர் போற மாதிரி இருக்கு? நடக்க நடக்கக் குறையுது, குந்தியிருந்து எழும்பினா திரும்பவும் குத்துது. அப்படித்தானே?"

"ஓம் மிஸ், ஓம்! ஆரு சென்ன ஒங்களுக்கு?"

"ஒங்கட கால்தான்."

முள்ளைப் பற்றி மறந்துவிடச் சொன்னார். நோவே இல்லாத எத்தனையோ பேரின் குதியிலும் அப்படி முள் இருக்கிறதாம். நோவது, குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை போகும் தடித்த சவ்வு. நாள் முழுக்க வெறுங்காலோடு கடினத் தரையில் நின்றால் அது குதியில் பற்றியிருக்கும் இடத்தில் நைந்துபோகும். இரவில் பாதம் தொங்கிக் கிடக்கும்போது சுருங்கும். காலையில் முழுப் பாரத்தையும் சட்டென்று அதன்மேல் போட்டால் சும்மா இருக்குமா? கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் இன்னும் மோசம்.

என் கொள்கையையும் மெதுவாக எடுத்து வைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதை நான் எங்கேயும் படிக்கல்ல. வலது குதி நோவெண்டும் நிறையப் பேர் வாறாங்க. ஆனா ஒண்டு, விரல மடிச்சு ஊண்டுற அந்த இருப்பு உண்மையிலேயே நல்ல இழுப்புத்தான். நாங்க குடுக்கிற பயிற்சியும் கிட்டத்தட்ட அதுதான்."

பாதித் தோல்வி, பாதி வெற்றி. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் அந்தப் பாதியைப் பற்றியே நான் பேசிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து ஸலாம் கொடுத்த பிறகு உம்மா கதிரையில் இருந்தபடியே இடது காலைத் தூக்கி மடியில் வைத்து, ஒரு கையால் விரல்களைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, மறு கை விரல்களில் எண்ணி எண்ணித் தஸ்பீஹ் ஓதினார். ஓதி முடியும்வரை இழுப்பு. நேரம் பார்க்கத் தேவையே இல்லை. சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது இன்னொரு பயிற்சி. வாப்பா அதைப் பார்த்துவிட்டு, "செவரு விழப்போகுதா? நானும் வந்து புடிக்கவா?" என்றார். ஐஸ் ஆக்கிய தண்ணீர்ப் போத்தலைக் காலடியில் உருட்டுவது உம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த இறால் இடம் மாறியது.

சண்டை வந்தது இரண்டு இடங்களில். விடியற்காலை சுபஹ் பாங்கு கேட்டதும் உம்மா கட்டிலிலிருந்து துள்ளி எழும்புவார். அந்த முதல் அடிதான் எமன். ஒரு துப்பட்டியைப் பாதத்தில் கொழுவி, படுத்தபடியே இழுத்துவிட்டு எழும்புங்கள் என்றால் கேட்க வேண்டுமே. "பாங்கு சொல்லக்குள்ள படுத்துக் கிடந்து காலோட கயிறிழுக்கிறதா?" கடைசியில் பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே இழுப்பது என்று சமாதானம் ஆனது.

மற்றது செருப்பு. என் அண்ணன், எங்கள் நானா, கட்டாரில் உழைத்து அனுப்பிய பணத்தில் போட்ட பளபளக்கும் டைல்ஸ் எங்களுடையது. அதில் செருப்புக் கால் படுவதா? தொழுகிற வீடு! வீட்டுக்குள் மட்டும் போட என்று மெத்தென்ற நீலச் செருப்பு ஒன்றை வாங்கி வந்தேன். கெஞ்சிக் கூத்தாடிப் போட வைத்தேன். உம்மா அதில் அன்னம் மாதிரி நடந்தார். ஒரு வாரம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு சாச்சி வந்தார். எங்கள் வீடுகளில் உள்ளே ஒரு செருப்பு கிடந்தால் அது எதற்கென்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சாச்சி நீலச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நேரே பாத்ரூமுக்குப் போய்விட்டார்.

"யா அல்லாஹ்! கழட்டுடி!"

"என்ன ராத்தா, வழுக்கி விழவா செல்றீங்க?"

"அது என்ட மருந்துடி!"

"மருந்தக் கால்ல போட்டா நான் எப்படிக்கா கண்டுபுடிக்கிற?"

கழுவித் தருகிறேன் என்றேன். உம்மா தொடவும் இல்லை. நீலம் பாத்ரூமுக்கே போனது. அடுத்த நாள் சிவப்பில் இன்னொன்று வாங்கினேன், இந்த முறை சாச்சிக்கு முதலில் காட்டிவிட்டு.

நோவு ஒரேயடியாகப் போகவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு நாள் முழுக்க நின்று பலகாரம் சுட்டதில், இறங்கிய நோவு ஏறி வந்தது. ஆனால் மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு காலையில் கட்டிலிலிருந்து எழும்பி தொழுகைக்கு முகம் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர் நடுவழியில் நின்றுவிட்டார். நான் பதறி ஓடினேன்.

"நோவுதா உம்மா?"

"இல்ல புள்ள. நோவல்ல. அதான் நிண்டு பாக்கிறன்."

உம்மா தரையில் இருந்து தொழத் தொடங்கினார், கதிரை முற்றத்துக்குப் போனது. இப்போது பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா, சாச்சி, நான் மூவரும் கடற்கரை வீதியில் நடக்கிறோம். சப்பாத்துப் போட்ட உம்மா முன்னால், மூச்சிரைக்கும் சாச்சி பின்னால். "மெதுவாப் போங்க ராத்தா, என்னைத் தள்ளிறத்துக்கு ஒரு வீல்செயார் பாருங்க!" என்ற சத்தத்துக்கு வலை காயப் போட்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

மிச்சம் இருப்பது பளிங்குத் தரை. அங்கே வெறுங்காலோடு நடந்தால் குதி தாங்குமா என்பதற்கு வீதி நடை பதில் சொல்லாது. உம்ராவுக்கான இஹ்ராம் நிலையில் பெண்கள் காலுறை போடலாம் என்று மௌலவியிடம் வாப்பா கேட்டு வந்தார். இரண்டு தடித்த காலுறைகளை எடுத்து, குதி வரும் இடத்தில் மெத்தென்ற துண்டு வைத்துத் தைத்திருக்கிறேன். தையல் கோணல், ஆனால் உள்ளே உறுத்தாது. சந்திக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் தரை முழுக்கப் பளிங்கு, நாளைக்கு அங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. சாவிக்குச் சொல்லிவைத்தாகிவிட்டது. மணவறைப் பக்கத்தை ஸபா என்றும் வாசல் பக்கத்தை மர்வா என்றும் வைத்துக்கொண்டு, உம்மா நடந்து பார்க்கப் போகிறார்.