வாசிக்காமல் விட்ட பெயர்

கல்லூரி மூன்றாம் ஆண்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அந்த வேலையைத் தொடங்கினோம். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ராணுவத்துக்குப் போய் இறந்தவர்களைத் தேடி, படமும் நாலு வரியும் போட்டு ஒரு சிறு நினைவு மலர் கொண்டுவருவது. குடியரசு தினத்துக்கு மறுநாள் டவுன்ஷிப் மண்டபம் ஒன்றில் அந்தப் பெயர்களை வாசித்து விளக்கேற்றுவது. யோசனை என்னுடையது, அதனால் தலைமையும் என்னிடம் வந்தது. அப்பா நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட், குடியிருந்தது டவுன்ஷிப்பில். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பக்கத்துக் கிராமங்களில் நான் கால் வைத்ததே அந்த வருஷம்தான்.

எங்கள் பிளாக்கில் தெருக் கூட்டிய அக்கா கான்ட்ராக்ட் வேலைக்காக முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு காலையில் எங்கள் கேட்டருகே நின்று என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, செத்துப்போன பட்டாளத்துப் புள்ளைங்க பேரெல்லாம் எழுதிக்கினு இருக்கியாமே? எம்புள்ளயும் பட்டாளத்துலதான் இருந்தான். அவன் பேரயும் எழுதிக்கம்மா.”

“எப்படிக்கா இறந்தாரு? சண்டையிலயா?”

அவர் துடைப்பத்தை மதிலில் சாய்த்து வைத்தார். “இல்ல. கேம்ப்புலயே தன் உசுர மாய்ச்சிக்கினான். ஊர்ல அவன் பேர எடுத்தாலே பேச்ச மாத்திடுறாங்க. நீயாவது எழுது.”

அவர் கண்ணெதிரிலேயே எட்டாவது பெயராக எழுதினேன். விழாவில் கட்டாயம் வாசிப்பேன் என்றும் சொன்னேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் வந்தார். எல்லையில் குண்டடிபட்டு இறந்த பையனின் தகப்பன். பிழை பார்க்கச் சொல்லிப் பட்டியலைக் கொடுத்தோம். எட்டாவது பெயரில் அவர் விரல் நின்றது. அந்தச் சாவைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார்.

“இவன் பக்கத்துல எம்மவன் படமா? அப்ப எம்மவன எடுத்துடுங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லி முடிப்பதற்குள் உதடு கோணி அழுதுவிட்டார்.

அவர் போனபிறகு வெகுநேரம் வாதாடினோம். “அந்தம்மா மட்டும் பெத்தவங்க இல்லையா?” என்றாள் ஒருத்தி. கடைசியில் எல்லாரும் முடிவை என்னிடம் விட்டார்கள். நான்தான் அந்தப் பெயரைப் பேனாவால் அடித்தேன்.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டுமென்று இரண்டு நாள் காலையில் வாசல்வரை போனேன். குனிந்து கூட்டும் அவர் முதுகைப் பார்த்ததும் உள்ளே திரும்பிவிட்டேன்.

விழாவுக்கு அவர் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சேலையில் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, அவர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டே வந்தார். ஏழும் முடிந்தது. எட்டாவது பெயர் என் நாக்கிலேயே இருந்தது. முதல் வரிசையில் அந்தத் தகப்பன், மகனின் படத்தை மடியில் வைத்திருந்தார். மைக்கில் என் மூச்சு எனக்கே கேட்டது. “அனைவரும் எழுந்து நில்லுங்கள்” என்று சொல்லிவிட்டேன். அக்காவும் எழுந்து நின்றார்.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். “மைக்கு கொர்ருன்னுக்கினே இருந்துச்சு, எனக்குக் காதுல விழல. எம்புள்ள பேரச் சொன்னியா பாப்பா?”

“சொன்னேன்க்கா. அஞ்சாவதா.”

என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மலர் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் எங்கள் தெருவைக் கூட்ட வேறொருவர் வந்தார். அன்று மாலையே பஸ் ஏறி முத்தாண்டிக்குப்பம் போய், விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் முந்திரிச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் மலரை முழுக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

“சேக்க முடியலன்னு சொல்லியிருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன். சொன்னேன்னு சொன்னியே. தெருவெல்லாம் சொல்லிக்கினு வந்தேன் பாப்பா, எம்புள்ள பேர மைக்குல சொன்னாங்கன்னு.”

“அடுத்த வருஷம் கண்டிப்பா...”

“வேணாம். நீ எழுதாத.”

உட்காரச் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சுள்ளிகள் ஒடிந்துகொண்டே இருந்தன. நான் நின்றேன், பிறகு வந்துவிட்டேன்.

அவர் சூப்பர்வைசரிடம் கேட்டு வேறு பிளாக்குக்கு மாறியிருந்தார். சில மாதம் கழித்து அங்கே ஒரு சாலையில் அவரைப் பார்த்து சைக்கிளிலிருந்து இறங்கினேன். “அக்கா” என்றேன். நிமிராமல் கூட்டிக்கொண்டே போய்விட்டார்.