ஸ்மூட்டுக்கு இரண்டாவது சாட்சி

ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் பதினெட்டு வருஷமாகத் தபால் சுமந்தவள் டோர்கஸ் கீர்ட்டன். பள்ளிக்கூடம் போனது மூன்றே வருஷம். ஆனாலும் அவளுடைய பாவாடைப் பையில் எப்போதும் வெற்றுச் சீட்டுகள் இருக்கும். வட்டார வழக்குகளைத் திரட்டி ஒரு பேரகராதி தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு அவள் அனுப்பிய சொற்கள் முந்நூறைத் தாண்டிவிட்டன.

ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. ஸ்மூட். சுண்ணாம்பில்லாமல் கல்லடுக்கிக் கட்டும் மேய்ச்சல் சுவரின் அடியில் விடும் சிறு துளை. முயல் போகும் வழி என்று மட்டும் அகராதிக்காரர்கள் வைத்திருந்தார்கள். தண்ணீர் போகவும் அதுதான் என்று, தன் அப்பா சொல்லக் கேட்டதை வைத்து டோர்கஸ் எழுதியிருந்தாள். ‘உங்கள் தகப்பனார் ஒருவர் பேச்சு போதாது. வேறு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொரு சாட்சி வேண்டும். மார்ச் முடிவில் இந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் அச்சுக்குப் போகின்றன’ என்று பதில் வந்தது.

முயல் வழிதான் என்று ஊர்ப் பாதிரியாரும் சொன்னார். “அந்தக் காலத்துல வடகடல் தாண்டி வந்து குடியேறினவங்க விட்டுட்டுப் போன சொல்லும்மா. இடுக்குல நுழைஞ்சு போறதுன்னு அர்த்தம். முயலுக்குப் பொருந்துது, தண்ணிக்கு எப்படி?”

“எங்க வீட்டுக் கூரையில வந்து பாருங்க ஐயா, தண்ணி நுழையுமா நுழையாதான்னு.”

டோர்கஸ் யாரிடமும் கேட்டுச் சொல் வாங்கமாட்டாள். ‘இதற்கு என்ன பேர்?’ என்றால் பள்ளிக்கூடச் சொல்லைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் வேடிக்கைக்கு ஒன்றைப் புனைந்துவிடுவார்கள். அப்படி ஒரு புளுகை அனுப்பிவிட்டு, பிறகு கடிதம் போட்டுத் திரும்பப் பெற்ற வெட்கம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மார்ச் மாதத்தில் கிடைத்த ஒரே விடுப்பு நாளில், கணவாய் ஏறி அடுத்த பள்ளத்தாக்குக்கு நடந்தாள். பனியுருகிய வெள்ளத்தில் சரிந்த மேய்ச்சல் சுவரை, அவளை முகம் தெரிந்த எனோக் ஹார்க்கர் என்ற கிழவர் தனியாளாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

“கை கொடுக்கட்டுமா?”

“தபால்காரிக்குக் கல்லு தூக்க வருமா?”

“எங்கப்பா சுவர் கட்டுனவரு.”

“அப்ப வாய மூடிக்கிட்டுப் பொடிக்கல்ல நடுவுல போடு.”

காலை முழுக்கப் போட்டாள். எனோக் தன் முழங்கால், பக்கத்துப் பண்ணையாரின் கஞ்சத்தனம், மருமகள் சுடும் ஓட்ஸ் ரொட்டி என எல்லாவற்றையும் பேசினார். அடிவரிசையில் துளைக்கு இடம் விட்டபோதுகூட அதன் பேரைச் சொல்லவில்லை. மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். ஆலங்கட்டித் தூறல் விழுந்தது. பொழுது சாய்வதற்குள் அவள் கணவாயைத் தாண்டியாக வேண்டும்.

எழுந்தாள். இருப்பதிலேயே பெரிய கல்லாகப் பார்த்துப் புரட்டி, துளைக்குள் திணித்து அடைத்தாள்.

“ஏய்! அறிவு இருக்கா உனக்கு?” எனோக் ரொட்டியைக் கீழே போட்டார். “ஸ்மூட்ட அடைச்சுட்டா மேட்டுத் தண்ணியெல்லாம் எங்க போகும், உங்க அப்பன் வீட்டுக்கா? இந்தச் சுவரு எதனால சரிஞ்சுதுன்னு நெனச்ச?”

டோர்கஸ் சீட்டை எடுத்தாள். சொன்னது சொன்னபடி, அப்பன் வீடு உட்பட எழுதினாள். ஆள், ஊர், தேதி. கீழே ஒரு வரி: ‘கேட்காமல் சொன்னது.’

எனோக் எட்டிப் பார்த்தார். “இதுக்குத்தான் காலையிலேருந்து கல்லு தூக்குனியா?”

“ஆமா.”

“சரியான அழுத்தக்காரிதான். எழுதிட்டேல்ல? இப்ப அந்தக் கல்ல நீயே உருவு.”

கல் ஆழமாகச் சிக்கியிருந்தது. டோர்கஸ் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் முழங்காலிட்டாள்.