தலைப்பிள்ளை பிறந்த இடம்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷங்களாக நினைத்து, பேனையை எடுத்து எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கோடு (நீதிமன்றத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), வழக்கு என்ற சங்கதிகளைப் பத்திரிகைக்கு எழுதினால் யாருக்காவது மனம் நோகுமோ என்ற பயமும் இருந்தது. போன வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துக் கும்பிடும்போது, இனியும் சொல்லாமல் விட்டால் அது நன்றி கெட்ட வேலை என்று மனம் இடித்துச் சொல்லியது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது ஐம்பதுகளின் கடைசியில், வவுனியாக் கோட்டில். பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முந்திய காலம் அது. எங்கள் ஊர் கண்டாவளை, அதுவும் வன்னிதான். வன்னியில் சில பள்ளிக்கூடங்களை நடத்திவந்த சபை ஒன்று, புதிதாக இரண்டு ஆசிரியைகளை எடுக்கப் போவதாக அறிவித்திருந்தது. ஒரு இடம் வன்னியைப் பிறப்பிடமாகக் கொண்ட பிள்ளைக்கு என்று ஒதுக்கியது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வந்த கையோடு மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதால் அப்படி வைத்தார்களாம். மற்ற இடம் எல்லாருக்கும் பொது.

என் மூத்த மகள் பரீட்சையில் முதலாவதாக வந்தாள். அந்தச் செய்தி வந்த அன்று என் கால் நிலத்தில் படவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை சம்பளத்துக்குக் கையெழுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று இரண்டாவதாக வந்தது. வன்னியிலேயே தண்ணீரூற்றில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியின் மகள் மூன்றாவது. சபையார் என்ன செய்தார்கள் என்றால், என் மகளை வன்னிக்கு ஒதுக்கிய இடத்தில் போட்டு, பொது இடத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். தண்ணீரூற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளையின் தகப்பன் சும்மா இருப்பாரா? சந்தையில் கொடிகாமத்து ஆள் ஒருவர் பேச்சோடு பேச்சாக, 'அந்தப் பிள்ளை எங்கட ஊரிலயெல்லோ பிறந்தது' என்று அவருக்குச் சொல்லிவிட்டாராம். அது உண்மைதான். நான் யாழ்ப்பாணப் பக்கத்துக் கொடிகாமத்தில் பிறந்து கண்டாவளைக்கு வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது எங்கள் வழக்கம். மாதம் ஏறியதும் மாட்டு வண்டிலில் ஆனையிறவு தாண்டிப் போய், பிள்ளையைப் பெற்று, பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிய அதே வண்டிலில் திரும்பிவந்தேன். விண்ணப்பத்தில் பிறந்த இடம் என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் கண்டாவளை என்றே எழுதினார். பொய் எழுதுகிற எண்ணம் அவருக்கு இல்லை. தாய்வீட்டில் பெற்றதை நாங்கள் வேறு ஊரில் பிறந்தது என்று எண்ணுவதே இல்லை.

ஆனால் கோட்டுக்கு அதெல்லாம் விளங்குமா? என் மகள் வன்னிக்காரி இல்லை, விண்ணப்பத்தில் பொய் எழுதியிருக்கிறாள், அவளை நீக்கி அந்த இடத்தைத் தன் மகளுக்குத் தரவேண்டும் என்று அவர் வழக்குப் போட்டுவிட்டார். பொய் என்று தீர்ந்தால் எங்கள் பிள்ளைக்கு அந்த இடமும் இல்லை, பொது இடமும் இல்லை. அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடம் அவளை எடுக்கும்?

வழக்கு நாளன்று நாகதம்பிரானுக்குக் கற்பூரம் கொளுத்தி, திருநீற்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வெளிக்கிட்டேன். பரந்தனில் ரயில் ஏறியதிலிருந்து எனக்கு நெஞ்சு ரயிலை விட வேகமாக ஓடியது. என் வீட்டுக்காரர் எதிரில் இருந்து படிப்பித்துக்கொண்டே வந்தார்.

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். விரிச்சுக் கதைக்காதையும்."

"நான் எப்ப விரிச்சுக் கதைச்சனான்?"

"ஏன், இப்பவே தொடங்கிட்டீர்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பயத்திலும் அவள் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

காலையில் சபையின் கிளாக்கரை நெடுநேரம் விசாரித்தார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் இங்கிலீசு. இடையில் கோடு கலைந்தபோது ஆண்கள் தேத்தண்ணிக்குப் போய்விட்டார்கள். விறாந்தையில் இருக்க ஒரே ஒரு வாங்கு. ஒரு அந்தத்தில் நான். மற்ற அந்தத்தில் அந்த வியாபாரியின் மனைவி, முக்காடு போட்டபடி. இரண்டு பேரும் வளவைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் வெற்றிலைப் பையை வாங்கில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"போடு புள்ள. இந்த வாங்கில இருந்து இடுப்பு விட்டுப் போச்சு."

"உங்கட ஆள்தானே வழக்குப் போட்டவர். அவரிட்ட சொல்லுங்கோ" என்றேன். வாய் என்னை அறியாமல் சொல்லிவிட்டது.

அவர் கோபிப்பார் என்று பார்த்தால், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நான் சொல்லாமலா? அவருக்குக் காது கேக்கிறது கடையில மட்டுந்தான்."

பிறகு என்ன, வெற்றிலை போட்டோம், கதைத்தோம். பரீட்சைக்குப் பிள்ளைகள் படித்த பாடு, நித்திரை முழித்த பாடு, எல்லாம் ஒரே பாடுதான். கதையோடு கதையாக அவர் சொன்னார்:

"தலைப்புள்ளைய உம்மா வீட்டிலதானே பெறுறது. அதில என்ன குற்றம்? என்ட மூத்ததும் புத்தளத்தில எங்கட உம்மா வீட்டிலதான்..."

அதோடு நின்றுவிட்டார். வெற்றிலைச் சுருள் கையிலேயே இருந்தது. அவருடைய மூத்த மகள்தான் வழக்கில் நிற்கிற அந்தப் பிள்ளை. புத்தளம் வன்னிக்கு வெளியே. அவர்களுடைய விண்ணப்பத்திலும் பிறந்த இடம் தண்ணீரூற்று என்றுதான் இருந்தது. காலையில் எங்களுக்காக வழக்குப் பேச வந்த புறக்டர் அதை எங்களுக்குச் சொல்லியிருந்தார். அந்த மனிசி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மணி அடித்தது.

என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். "அந்த மனிசியோட என்ன கதைச்சனீர்?"

"சும்மா, பிள்ளையளின்ர கதை."

புறக்டர் எனக்கு முன்னால்தான் போனார். கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்து ஒரு வசனம் சொன்னால் போதும், அவர்களுடைய வழக்குச் சரிந்துவிடும். ஆனால் அந்த மனிசி தந்த வெற்றிலை இன்னும் என் வாயில் இருந்தது. அவர் என்னைத் தன்னைப்போல ஒரு தாய் என்று நினைத்துச் சொன்னது அது. அதைக் கொண்டுபோய் விற்க எனக்கு மனம் வரவில்லை. நாகதம்பிரானே, நீ பார்த்துக்கொள் என்று முடிச்சைப் பிடித்தபடி சாட்சிக் கூட்டில் ஏறினேன்.

அவர்களுக்காக வாதாட வந்த அப்புக்காத்து பெரிய பேச்சுக்காரர். இங்கிலீசில் கேட்பார், கோட்டு முதலியார் அதைத் தமிழில் எனக்குச் சொல்லுவார். பிள்ளை எங்கே பிறந்தது என்று கேட்டார். கொடிகாமத்தில் என்று உள்ளதைச் சொன்னேன். அப்போது விண்ணப்பத்தில் இருப்பது பொய்தானே என்றார்.

"பொய் இல்லை ஐயா. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போறது எங்கட வழக்கம். போனாலும் பிள்ளைக்கு ஊர் தகப்பன்ர ஊர்தான். ஆரைக் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலியாரை விட்டுவிட்டுத் தானே தமிழில் கேட்டார்.

"ஆரைக் கேட்டாலுமோ? சரி, நீர் ஒராளைச் சொல்லும். பிள்ளையை வெளியில பெத்துப்போட்டு, வன்னியில பிறந்தது எண்டு எழுதின வேற ஒரு தாயின்ர பேரைச் சொல்லும் பாப்பம்."

ஒரு ஆளை எனக்குத் தெரியும். முன் வாங்கில் என் மகள் இரண்டு கையையும் பொத்திப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். அந்த மனிசி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஆக்கள் இருக்கினம் ஐயா. பேர் சொல்ல மாட்டன்."

"ஒருத்தரும் இல்லை, அதுதான் சொல்லேலாமல் கிடக்கு" என்று அவர் நீதவான் பக்கம் திரும்பினார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அப்போதுதான் வாங்கு கிரீச்சிட்டது.

"ஐயா, நான் இருக்கிறன்."

முக்காட்டை ஒரு கையால் பிடித்தபடி அந்த மனிசி எழுந்து நிற்கிறார். அவருடைய புருஷன் சேலையைப் பிடித்து இழுக்கிறார். அப்புக்காத்து இரு, இரு என்று கையைக் காட்டுகிறார். பொலிஸ்காரர் ஓடிவருகிறார். முதலியாருக்கு இதை இங்கிலீசில் சொல்வதா விடுவதா என்று தெரியவில்லை.

"என்ட மகளும் புத்தளத்திலதான் பிறந்தவ ஐயா. நாங்களும் தண்ணீரூற்று எண்டுதான் எழுதின. இந்தப் புள்ள எழுதினது பொய்யெண்டா நாங்க எழுதினதும் பொய்."

பின்னுக்கிருந்த யாரோ சிரிக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நீதவான் மேசையில் தட்டினார். ஆனால் அவருடைய முகத்திலும் சிரிப்பு இருந்தது. தமிழ் ஆள் அவர். அந்த மனிசியைக் கூட்டுக்குக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கி, அதே சொல்லைத் திரும்பச் சொல்ல வைத்தார். நான் திருநீற்று முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷமா பயமா என்று இன்றைக்கும் தெரியாது.

தீர்ப்பு வேறு நாளில் வந்தது. இரண்டு தாய்மாரும் பொய் சொல்லவில்லை, இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைகள் இந்த மண்ணின் பிள்ளைகளே என்றார் நீதவான். அதோடு விடாமல் சபையாரை ஒரு கேள்வி கேட்டார். பொது இடம் எல்லாருக்கும் பொது என்றால் வன்னிப் பிள்ளைக்கும் அது பொதுதானே. முதலாவதாக வந்த பிள்ளையைக் கொண்டுபோய் ஏன் ஒதுக்கிய இடத்தில் வைத்தீர்கள்? முதலாவதாக வந்தவளுக்குப் பொது இடம். ஒதுக்கிய இடம் அடுத்த வன்னிப் பிள்ளைக்கு. என் மகளுக்கும் வேலை, அந்த மனிசியின் மகளுக்கும் வேலை. முதலியார் சொல்லி முடிக்கமுன்னமே இரண்டு பெட்டைகளும் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அந்த இடம் இல்லாமல் போனது. பிழை அவளுடையது அல்ல. பிறகு அவளுக்கு எங்கே வேலை கிடைத்ததோ எனக்குத் தெரியாது. கும்பிடும்போது அவளையும் நினைத்துக்கொள்வேன்.

வெளியில் வந்ததும் அந்த வியாபாரி என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "வழக்கை வைச்சது நான், வெண்டு தந்தது இவ. அப்புக்காத்துக்கு அழுத காசுக்கு இவவுக்கே ஒரு கறுப்புக் கோட்டுத் தைச்சிருக்கலாம்."

நான் அவருடைய மனைவியின் கையைப் பிடித்தேன். "ஏனக்கா எழும்பினீங்கள்? உங்கட பிள்ளையின்ர இடமும் போயிருக்குமே" என்றேன்.

"நீ என்ட பேரைச் சொல்லியிருந்தா நான் இல்லையெண்டு சாதிச்சிருப்பன் புள்ள" என்றார். "நீ வாயைப் பொத்திக்கொண்டு நிண்டாய். அதுக்குப் பிறகு எப்பிடி இருக்கிறது?"

எங்கள் ஊரில் இந்தக் கதை இப்போதே மாறத் தொடங்கிவிட்டது. எங்கள் புறக்டர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டு உண்மையைப் பிடுங்கினார் என்கிறார்கள். நான் கூட்டில் நின்று கர்ச்சித்தேன் என்றும் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இதை நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எங்களை நல்லவர்களாக்க ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், அந்த மனிசியைக் குறைக்க ஒரு சொல் எடுக்கவும் வேண்டாம். தன் பிள்ளையின் சோற்றைப் பந்தயம் வைத்து ஒரு தாய் எதிர்ப்பக்கத்து வாங்கிலிருந்து எழுந்து நின்றார். நான் கும்பிடுகிற தெய்வத்தை அன்று பகல் வவுனியாக் கோட்டில் முக்காட்டோடு கண்டேன் என்றுதான் இன்றும் என் மனம் சொல்கிறது.